நூற்றியோராவது பிரைமர்

"சின்யோர், இஞ்சை கீழை ஒண்டு விழுந்து கிடக்கு."

விமலராணி சொல்லி முடிக்கவில்லை. சின்யோர் கொராடோவின் கை காற்றிலேயே நின்றது.

"அசையாதையும், ராணி."

அவள் மூச்சுக்கூட விடவில்லை. பாலெர்மோ நகரின் கால்சாப் பகுதியில் சின்யோரின் இந்தப் பழைய வீட்டைத் துப்புரவாக்க வந்து ஆறு வருடம். மற்ற அறைகளெல்லாம் அவளுக்கு வேலை. இது மட்டும் கோயில். தன் போட்டித் துப்பாக்கிக்கான ரவைகளைச் சின்யோர் இங்கேதான் ஒவ்வொன்றாகக் கையால் செய்வார். அறைக்குள் வருபவர் எவரும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டாக வேண்டும். வேலை முடிந்துவிட்டது என்று இப்போதுதான் அவர் சொல்லியிருந்தார். அவள் கண்ணாடியைக் கழற்ற, அதன் பட்டி இடது காதில் கொழுவி இழுத்தது. காதைத் தடவிக்கொண்டு குனிந்தபோதுதான் கண்டாள். மேசைக்கு அடியில், இரண்டு தரையோடுகளின் இடுக்கில், மஞ்சளாக மினுங்கியது ஒரு சின்னக் கிண்ணத்தின் விளிம்பு.

பிரைமர்! மிளகைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். துப்பாக்கியின் ஊசி அதன் முதுகில் ஒரு குட்டு வைத்தால் உள்ளே ஒட்டியிருக்கும் மருந்து பொறி கக்கும். அந்தப் பொறி ரவைக்குள் இருக்கும் வெடிமருந்தைக் கொளுத்தும். முதன்முதல் இதைக் கேட்ட அன்று ராணிக்கு மயிர் கூச்செறிந்தது. இத்தனை சின்னச் சாமானுக்குள் இத்தனை கோபமா!

"தும்புத்தடியாலை கூட்டட்டே?"

"வேண்டாம், உரசுப்படும்."

"அப்ப வாக்குவம் மெசினாலை இழுக்கட்டே?"

"ஐயோ, அது இன்னும் மோசம்! பைக்குள்ளை போய் அடிபடும். ஒரு துளி மின்பொறி காணும்."

சின்யோர் பேசியது இத்தாலியன்தான். ஆனால் ஆறு வருடத்தில் அது அவள் காதுக்குள் நுழையும்போதே யாழ்ப்பாணத் தமிழாகிவிடும்.

அவர் ஊசி கழற்றிய மருந்துக்குழாயில் எண்ணெய் எடுத்தார். நிலத்தில் படுத்து, கையை எட்டி நீட்டி, இடுக்குக்குள் சொட்டுச் சொட்டாக விட்டார்.

"இப்ப நித்திரை கொள்ளும். ஆனா செத்துப்போச்செண்டு நம்பக்கூடாது. கிட்டப் போகாதையும், கிண்டாதையும்."

இருவரும் பின்வாங்கி, திரை விலகப்போகும் சந்நிதிமுன் நிற்பவர்கள்போல நின்றார்கள். விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் சின்யோர் எண்ணத் தொடங்கினார்.

பெட்டியில் வந்தது நூறு. செய்த ரவை ஐம்பது. தட்டில் மிச்சமும் ஐம்பது.

"கணக்குச் சரிதானே!" என்றாள் ராணி.

"சரியா இருக்கிறதுதான் பிழை." அவர் முகம் வெளிறியது. "நூறும் இஞ்சை இருக்கெண்டா, கீழை கிடக்கிறது ஆர்?"

அவள் வாயைப் பிளந்தாள்.

"செவ்வாய்க்கிழமை ஒண்டு கைதவறி விழுந்தது. எடுத்து ரவையிலை பூட்டிப்போட்டன். ஆனா நான் எடுத்தது, விழுந்த அதே ஒண்டைத்தானோ? போன மாதம் வேட்டைத் துப்பாக்கிக்கு வேறை பிரைமர் பாவிச்சனான். அது மெல்லிய முதுகு. அதிலை ஒண்டு நிலத்திலை கிடந்து, அதைத்தான் நான் எடுத்துப் பூட்டியிருந்தா?"

"இருந்தா என்ன?"

சின்யோர் தன் கவலையை மறந்து விளக்க ஆரம்பித்தார். விளக்குவதென்றால் அவருக்கு உயிர்.

"என்ரை போட்டித் துப்பாக்கி அடுத்த ரவையைத் தானே ஏத்தும். ஏத்துற வேகத்திலை, பிடிச்சுவைக்க ஸ்பிரிங் இல்லாத ஊசி முன்னுக்குச் சறுக்கி, ஒவ்வொரு பிரைமரையும் லேசா ஒரு தட்டுத் தட்டும். தடிச்ச முதுகு அதைத் தாங்கும். மெல்லியது தாங்காமல் வெடிச்சா, பூட்டு இறுகமுதலே நெருப்புப் பின்பக்கமா என்ரை முகத்துக்கு வரும்."

ராணி அந்த ஐம்பது ரவைகளையும் பார்த்தாள். ஐம்பது சாதுக்கள், அதில் ஒன்று கள்ளச் சாது.

சின்யோர் பூதக்கண்ணாடியால் பார்த்தார். எல்லாம் ஒரே மாதிரி. தராசில் வைத்தார். அதுவும் ஒன்றும் சொல்லவில்லை.

"அப்ப இண்டைக்கு மூண்டு மணிப் போட்டி?"

சின்யோர் சுவரிலிருந்த வெள்ளிப் பதக்கத்தைப் பார்த்தார். நான்கு வருடம் தொடர்ந்து இரண்டாமிடம். வருகிற வருடம் கண் குறி பார்க்காது என்று வைத்தியர் சொல்லியாயிற்று. கையால் செய்த ரவை மட்டும்தான் செல்லும் என்பது அவருடைய சங்கத்தின் விதி.

அவர் பாதுகாப்புக் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு மேசை முன் அமர்ந்தார். இரண்டு கிழமை உழைப்பை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஐம்பதையும்! பிறகு சங்கத்துக்குப் போன் எடுத்து, தான் வரவில்லை என்றார், காரணத்தையும் சொன்னார். அந்தப் பக்கத்தில் ஆட்கள் எழுந்து கைதட்டும் சத்தம் போனுக்குள்ளால் கேட்டது.

"நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம், சின்யோர்," என்றாள் ராணி.

"பொத்தியிருந்தா இண்டைக்கு எனக்கு ஒரு கண் போயிருக்கும். பாலெர்மோ முழுக்கத் தேடினாலும் உம்மடை மாதிரி ஒரு பார்வை கிடையாது."

சுவரில் தொங்கிய போன வருட வெள்ளிப் பதக்கத்தைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டார். அவள் தலைகுனிந்து வாங்கினாள். இருவர் கண்களும் கலங்கியிருந்தன.

கீழ்வீட்டில் வேலை செய்யும் நிரோசினி, சீசாவுக்குப் போகும் பஸ்ஸுக்கு அவளைக் கூப்பிட வந்து, வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

"மெடல் நல்ல வடிவாக் கிடக்குதக்கா. ஆனா இடது காதுத் தோடு விழப்போகுது, பின்னாலை பூட்டுற பவுண் சுரையை எங்கை விட்டனீங்கள்?"