பாக்கி முப்பத்தாறு மணி

மகளைப் பட்டதாரி ஆக்காமல் ஓய்வதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார் ஹைதம். மனசுக்குள் எடுத்திருந்த தீர்மானம் வேறு. முடிந்தவரை ஆக்கவே கூடாது.

காரணம், தோஹாவில் வேலை பார்க்கும் குதைபா. மகள் லுஜைன் கல்லூரியில் சேர்ந்த புதிதிலேயே அவன் வீட்டார் திரண்டு ஸல்த் ஊருக்கு மலையேறி வந்து பெண் கேட்டார்கள். வழக்கப்படி, பதில் தெரியும்வரை காபியைத் தொடவில்லை.

"கல்யாணம் பட்டம் வாங்கினப்புறம்தான்" என்றார் ஹைதம்.

சம்மதம் என்று எல்லோரும் ஒரே மடக்கில் குடித்தார்கள். அவர் கோப்பை மட்டும் நிறைந்தே இருந்தது. ஒரே மகள். அவள் விமானம் ஏறிவிட்டால் இந்த வீட்டில் யாரோடு பேசுவார்? மனைவி நிஹாயாவோடா? அவளிடம் பேச முடியாது, கேட்டுக்கொள்ளத்தான் முடியும்.

பட்டத்துக்கு நூற்று முப்பத்திரண்டு பாட மணி வேண்டும். பாடத்துக்கு மூன்று மணி. பாடப் பட்டியலை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி, மகள் தேறிய பாடத்துக்கெல்லாம் பச்சை அடித்துவந்தார் ஹைதம்.

"பருவத்துக்கு நாலு பாடம் போதும் கண்ணு. மூளை களைச்சுப் போயிடும்."

"சரி, பாபா."

நாலு வருடத்தில் பச்சை தொண்ணூற்றாறு. பாக்கி முப்பத்தாறு. மத்தியானங்களில் மாடியில் திராட்சைப் பந்தலுக்குக் கீழே சாய்ந்தால், அந்த வெள்ளைக் கட்டங்கள் மேகத் துண்டுகளாய் அவர் கண்ணில் மிதக்கும். தேநீர் ஆறிப்போகும். கனவில் லுஜைனுக்கு நாற்பது வயது. புள்ளியியல் இன்னும் பாக்கி. அப்பாவும் மகளும் பூசணி விதை கொறித்துக்கொண்டிருப்பார்கள். கீழே தெருவில் வழுக்கைத் தலையோடு குதைபா, "இன்னும் எத்தனை மணி, மாமா?" என்று கேட்பான். "முப்பத்தாறுதாம்ப்பா" என்பார். எவ்வளவு சுகமான கனவு!

ஆகஸ்டில் ஒருநாள் நிஹாயா அந்தக் கனவைத் தட்டி எழுப்பினாள்.

"லுஜைன் அப்பா, எந்திரிங்க. கோட்டைத் தேய்க்கக் குடுக்கணும். வியாழக்கிழமை பட்டமளிப்பு."

"யாருக்கு?"

"உங்க பொண்ணுக்கு."

"முப்பத்தாறு மணி பாக்கி இருக்கே! நானே பச்சை அடிச்சேனே!"

"அவ உங்ககிட்ட சொன்னதுக்கு அடிச்சீங்க. கோடையில படிச்சதை யாரு சொன்னா?"

"கோடையில அவ அம்மான் நகரத்துல உன் தங்கச்சி வீட்டுலல்ல இருந்தா?"

"ஆமா. அந்த வீட்டு ஜன்னலைத் தெறந்தா அவ பல்கலைக்கழக வாசல். கோடைக்கு மூணு பாடம், நாலு கோடை. நீங்கதான் கணக்குல புலியாச்சே, போட்டுப் பாருங்க."

புலி விரல்விட்டு எண்ணியது. ஒரு மணிகூடக் குறையவில்லை.

"அவ போயிட்டா நான் என்னடி பண்ணுவேன்?"

"எனக்கு மட்டும் வலிக்காதா? நம்ம பயத்துக்காக அவ உக்காந்தே இருக்கணுமா? கோடைப் படிப்புக்குக் கெஞ்சினதே அவதான்."

ஹைதம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆறிய தேநீரைக் குடித்தார். திடீரென்று முகம் மலர்ந்தது. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத வம்சம்.

"பட்டம் வாங்கினப்புறம்னுதானே சொன்னேன்? எந்தப் பட்டம்னு சொன்னேனா? முதுகலைப் பட்டம்! இன்னும் ரெண்டு வருஷம்!"

நிஹாயா சிரித்தாள்.

"இதைத்தான் சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும். முதுகலைக்கு இடமே வாங்கியாச்சு."

"அப்படிப் போடு! எங்க?"

"தோஹாவுல."