‘தன்மிதி’ இதழும் மற்றும் பலரும்

ஒரு காட்டில் அநியாயங்கள் வரிசையாக நடந்திருந்தன. வரிசை மாறினால் முள்ளம்பன்றி ஈட்டியப்பனுக்குக் கோபம் வரும். ஆகவே நடந்தபடியே சொல்லிவிடுவோம்.

முதல் அநியாயம்: ஓடையில் தண்ணீர் குடிக்க வரிசைமுறை வேண்டும் என்று ஈட்டியப்பன் போராடி வாங்கிக் கொடுத்தார். கல்வெட்டில் யானையின் பெயரைப் பொறித்தார்கள். இரண்டாவது அநியாயம்: ஆந்தைகளுக்குப் பகல் விடுப்பு வாங்கிக் கொடுத்தார். பொன்னாடை மயிலுக்குப் போனது. கேட்டால், “உங்க மேல போர்த்தினா கிழிஞ்சிடும் தோழர்” என்றார்கள். மூன்றாவது அநியாயம்: குரங்குகளுக்கு வால் காப்பீடு வாங்கிக் கொடுத்தார். நன்றியுரையில் குரங்குகள் ஊரெல்லாம் பெயர் சொல்லிவிட்டுக் கடைசியில் “மற்றும் பலர்” என்று முடித்தன. அந்தப் பலர் ஈட்டியப்பன் ஒருவர்தான்.

துண்டறிக்கை படித்தே அறிவு பெற்றவர் ஈட்டியப்பன். அடுத்த வெற்றியிலாவது தன் முழுப்பெயர் சாட்சிகள் முன்னால் உரக்க வாசிக்கப்பட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அதைக் கொள்கை என்றுதான் அவர் சொல்லிக்கொள்வார்.

நான்காவது அநியாயத்தை ஆமை வடிவக்கா கொண்டுவந்தாள்.

“அண்ணே, என் குட்டை வத்துது. மேட்டுக்கு அந்தாண்ட ஆறு இருக்கு. நான் நடந்து போய்ச் சேர்றதுக்குள்ள கோடை வந்து, என்னை வறுத்துட்டுப் போயிடும். ஒரு மிதிவண்டி செஞ்சுக்கலாம்னு மிதிவண்டிக் கழகத்துக்கு ஆள் அனுப்பிக் கேட்டேன். வண்டி செய்யற படத்தைக் காட்ட மாட்டேங்குறாங்க.”

மிதிவண்டி ஆய்வுக் கழகம் ‘தன்மிதி’ என்று ஒரு தொழில்நுட்ப இதழ் நடத்தியது. எஞ்சின் கிடையாது, இழுக்க மாடு கிடையாது, உட்கார்ந்திருக்கும் மிருகமே மிதித்து ஓட்டும் வண்டிகளைப் பற்றிய இதழ். பழைய இதழ்கள் எல்லாம் கழகத்தின் கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடந்தன. தானே செய்த வண்டியில் தானே மிதித்து வருகிறவர்கள் மட்டும் படிக்கலாம் என்பது விதி.

ஈட்டியப்பன் வடிவக்காவுக்காகப் போய்ச் செயலாளர் கொக்கு நெடுங்காலனைக் கேட்டார்.

“வண்டி இருந்தா அவங்க எதுக்கய்யா இதழைக் கேக்குறாங்க?”

“நல்ல கேள்வி” என்றது கொக்கு. “வண்டி செய்வது எப்படி என்பது இதழிலேயே விளக்கமாக இருக்கிறது.”

ஈட்டியப்பன் உள்ளிருப்புப் போராட்டத்தில் இறங்கினார். செயலாளரின் நாற்காலியில் உட்கார்ந்தார். சாப்பிட மட்டும் எழுந்து போனார். அவர் போன பிறகு கொக்கு அதில் உட்கார்ந்தது. கழகம் உடனே பேச்சுவார்த்தைக்கு வந்தது.

“எல்லா இதழ்களையும் ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகப் போடுகிறோம்” என்றது கொக்கு, நின்றுகொண்டே. “முழுவதும் முடிந்ததும், ஒரே நாளில்.”

“ஒரே நாளில் என்றால் ஒருநாளும் இல்லை என்று பொருள். எத்தனை பேச்சுவார்த்தை மேசை பார்த்திருக்கிறேன் நான்! முதல் இதழிலிருந்து வரிசையாக வரவேண்டும். ஒன்று முடிந்த நிமிடமே வெளியே வரவேண்டும்.”

“தோழர், எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு...”

“அநியாயத்துக்கு வயதானால் வழக்கம் என்று பெயர் வைத்துவிடுவீர்கள்!”

கொக்கு அலகை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டது. விழா நாளில், நடந்ததற்கெல்லாம் காரணமானவர் பெயரைச் சாட்சிகள் முன்னால் வாசிப்பதாகவும் ஒப்புக்கொண்டது.

ஸ்கேன் செய்யும் வேலை நத்தைக்குக் கிடைத்தது. முதல் இதழ் வெளியானதும் காடே போனில் இறக்கிக்கொண்டது. மரம் அறுக்கும் சத்தம் மேடெல்லாம் கேட்டது. வடிவக்கா ஓடு உட்காரும் அளவுக்குப் பள்ளம் வைத்து ஒரு மூன்று சக்கர வண்டி செய்தாள். கரடி ஒன்று செய்தது. காட்டுப்பன்றிகள் குடும்பத்தோடு மிதிக்கிற மாதிரி ஒன்று செய்தன. படத்தில் இருந்த எதையும் யாரும் விடவில்லை. மணி கூட வைத்தார்கள்.

விழா நாள். மேட்டின் அடிவாரத்தில் கழகக் கட்டடம், அதன் முன்னால் மேடை, மேடைக்குப் பின்னால் கரை, கரைக்குக் கீழே ஆறு. மேட்டு உச்சியிலிருந்து வண்டிகள் ஊர்வலமாகக் கிளம்பின. முதலில் வடிவக்கா. பிறந்ததிலிருந்து அவள் முகத்தில் காற்று பட்டதே இல்லை. அன்றைக்குக் கண்ணே திறக்க முடியவில்லை.

“அண்ணே! இது எப்படி நிக்கும்?”

“நிற்கவே கூடாது வடிவக்கா! முன்னேறுங்கள்!” என்று மேடையிலிருந்து முழங்கினார் ஈட்டியப்பன்.

அவள் முன்னேறினாள். மேடையின் இந்தப் பக்கம் ஏறி, அந்தப் பக்கம் பறந்து, ஆற்றில் விழுந்தாள். கரடி கட்டடத்துக்குள் போய்க் கண்ணாடி அலமாரியில் மோதி நின்றது. பன்றிக் குடும்பம் மயில் உட்கார்ந்திருந்த பந்தலைச் சுருட்டிக்கொண்டு போனது.

புழுதி அடங்கியபோது நத்தை தலையை நீட்டியது.

“இரண்டாம் இதழில் முதல் பக்கம் இப்போதுதான் முடிந்தது. ‘சென்ற இதழ்ப் படத்தில் பிரேக் விடுபட்டுவிட்டது. வருந்துகிறோம்.’”

“இதுதான் எங்கள் வழக்கம்” என்றது கொக்கு. “ஓர் இதழில் வண்டியைப் போடுவோம். விழுந்தவர்கள் வந்து சொல்வதை அடுத்த இதழில் திருத்தமாகப் போடுவோம். அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே நாளில் போடுகிறோம் என்றோம். தோழர் சொல்லவிட்டால்தானே!”

சாட்சிகள் கூடினார்கள். காரணமானவர் பெயர் வாசிக்கப்படும் என்றும், அவர் இனி எந்தப் போராட்டத்திலும் உட்காரக் கூடாது என்றும் தீர்மானமாயிற்று.

குரங்குத் தலைவர் கொக்கை ஓரமாக இழுத்தார். “பாவம், நம்ம வாலுக்குப் பாடுபட்ட ஆளு. ‘கழகமும் மற்றும் பலரும்’னு போட்டுடுங்களேன். ஆள் தப்பிச்சுக்குவாரு.”

ஈட்டியப்பனின் முள் அத்தனையும் நிமிர்ந்தது.

“யாரய்யா பலர்? ஒருத்தன்! நான் ஒருத்தன்தான்! இனிஷியலோடு வாசி!”

ஆற்றிலிருந்து வடிவக்காவின் குரல் வந்தது: “அண்ணே, தண்ணி நல்லாருக்கு!”

அது யார் காதிலும் விழவில்லை. கொக்கு ஒற்றைக்காலில் நிமிர்ந்து, தொண்டையைச் செருமி, காடே கேட்கும்படி வாசித்தது:

“புதர்மேடு மு. ஈட்டியப்பன்!”

நீதி: நல்லது செய்தால் ‘மற்றும் பலர்’ என்பார்கள். பெயர் சரியாக வரவேண்டுமென்றால் கண்ணாடி உடைய வேண்டும்.