முதுகுக்குப் பின்னால் ஒரு அறை

மேடையில் புருஷன் மனைவியை அறையும்போது கேட்கும் சத்தம் அவன் கையிலிருந்து வருவதில்லை. அறை வாங்குகிறவள் முதுகுக்குப் பின்னால் தன் கைகளைத் தானே தட்டிக்கொள்வது அது. (அடியும் வாங்கி, சத்தமும் போட்டுக் கொடுக்கிற வேலை நமக்குத்தான்.) இந்தத் தொழில் ரகசியத்தை நான் கற்றது தொண்ணூறுகளில், ஹாலிஎல பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பொங்கல் நாடகத்தில்.

அதுவரை எங்கள் தோட்டத்து நாடகங்களுக்குக் கதாநாயகி சங்கரன் அண்ணன்தான். அந்த வருஷம் நாடகம் எழுதிய செல்வம் மாஸ்டர், பெண் வேஷத்துக்குப் பெண்ணே வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தார். பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது. கோயில் தலைவர் மட்டும், "ஒருதடவ பாப்போம். இந்தப் புள்ள சொதப்பினா இனிமே பொம்பளைங்களுக்கு மேடை கெடையாது," என்று சொல்லிவிட்டார். சங்கரன் அண்ணன் எதற்கும் இருக்கட்டுமென்று மீசையை மழித்துவிட்டு, கையில் சேலையோடு திரைக்குப் பக்கத்தில் நின்றார்.

கடைசிக் காட்சி. புருஷனாக நடித்த மாஸ்டர் என்னை அறைய வேண்டும். நான் திருந்தி அவர் காலில் விழ வேண்டும். (என்ன தப்பு செய்துவிட்டுத் திருந்தினேன் என்பது நாடகத்தில் எங்கேயும் இல்லை. நான் கேட்கவும் இல்லை.) ஒத்திகையில் என் தட்டல் லயத்து வீட்டு வரிசையின் கடைசி வீடு வரைக்கும் கேட்டது.

மாஸ்டர் கையை ஓங்கினார். முன்வரிசையில் அம்மா. கை என் கன்னத்துக்கு வருமுன்பே அவள் கண்கள் மூடிக்கொண்டன, தோள் ஒடுங்கியது. அப்பா குடித்துவிட்டு வந்த சாயந்திரங்களில் நான் பார்த்த அதே ஒடுங்கல். என் கைகள் ஒன்றுசேர மறுத்துவிட்டன.

அறை சத்தமில்லாமல் போயிற்று. மாஸ்டர் மறுபடி அறைந்தார். அதுவும் ஊமை.

"மாஸ்டருக்கு யாரும் சோறு போடலயா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். தலைவர் எழுந்து நின்றுவிட்டார். சங்கரன் அண்ணன் சேலையைப் பிரிக்க ஆரம்பித்தார்.

"தட்டு புள்ள, தட்டு," என்று மாஸ்டர் உதடு அசையாமல் கெஞ்சினார். கெஞ்சியபடியே தன் கன்னத்தில் வழிந்த வியர்வையைத் துடைக்கக் கையைக் கொண்டுபோனார். பயத்தில் நான் அந்த நேரம் பார்த்துத்தான் தட்டித் தொலைத்தேன். பளார்.

புருஷன் தன்னைத்தானே அறைந்துகொண்டதைத் தோட்டமே பார்த்தது. தகரக் கூரை பிய்ந்துபோகிற சிரிப்பு. மாஸ்டருக்கு வசனமெல்லாம் மறந்துவிட்டது. "மன்னிச்சிரு," என்று நாடகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டு மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். முன்வரிசையில் அம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததேயில்லை.

தலைவர் மேடைக்கு வந்தார்.

"முடிவு நல்லா இருந்திச்சு மாஸ்டர். அடுத்த வருசமும் இந்தப் புள்ளையே நடிக்கட்டும்," என்றார்.

சங்கரன் அண்ணன் மீசை வளர்க்கப் போய்விட்டார்.

திரைக்குப் பின்னால், "வலிச்சிச்சா மாஸ்டர்?" என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்து, "கொஞ்சம்," என்றார். அந்தக் 'கொஞ்ச'த்துக்காகத்தான் பின்னால் அவரைக் கல்யாணம் கட்டிக்கொண்டேன்.

இப்போது பதுளையில் அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறாள். வீட்டில் இவர் குரல் சற்று உயர்ந்தால் அவள் இப்போதெல்லாம் கண்ணை மூடுவதில்லை. இரண்டு கைகளையும் மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவாள். இவர் உடனே கன்னத்தைப் பொத்திக்கொள்வார்.