அசனத்துக்கு வந்த தண்ணீர்

தண்ணீரைப் பார்த்தால் நான் கனவு காண ஆரம்பித்துவிடுவேன். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பின்தெருவில் பிறந்தவனுக்கு இது பிறவிக் கோளாறு. அப்படிப்பட்ட ஆளை எந்தப் புண்ணியவானோ வறட்சிக் கணக்கெடுப்பு வேலையில் சேர்த்துவிட்டார்.

கருமேனியாறு என்று பெயருக்கு ஓர் ஆறு ஓடும் பக்கத்தில், எந்த ஊர் அதிகம் காய்ந்திருக்கிறது என்று கிணறு கிணறாக அளக்க வேண்டும். பட்டியலில் வரும் ஊருக்கு மழைக்கு முன்பே குளத்தைத் தூர்வாரிக் கொடுப்பார்கள். என் டேப்பை நம்பித்தான் எல்லாம் இருந்தது. (பாவம் ஜனங்கள்!)

சாத்தான்குளத்துக்கு மேற்கே ஒரு சின்ன ஊரில் நான் இறங்கிய அன்று சர்ச்சில் அசனம். ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. ஊராட்சித் தலைவி ஞானப்பூ அக்கா சாம்பார் வாளியும் கையுமாக ஓடிக்கொண்டிருந்தார்.

"மொதல்ல சாப்பிடும் தம்பி. கிணறு எங்கன போயிரப் போவுது?"

மூன்று முறை சோறு வாங்கினேன். பிறகு யாரையும் கேட்காமல் பின்பக்கக் கிணற்றுக்குப் போனேன். எட்டிப் பார்த்தால் கைக்கெட்டும் ஆழத்தில் தண்ணீர்! அதில் ஒரு வெள்ளை மேகம் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. வேப்பம்பூ ஒன்று விழுந்தது, மேகம் கலைந்தது, மறுபடி கூடியது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. ஒரு வாளி இறைத்துக் குடித்தேன். இளநீர் மாதிரி இருந்தது. படிவத்தில், 'நீர் நிறைவாக உள்ளது. சுவை இனிமை' என்று எழுதினேன். எழுதிய அழகை நானே இரண்டு முறை வாசித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் தூத்துக்குடியில் கூட்டம். எல்லா ஊர்த் தலைவர்களும் வந்திருந்தார்கள். "இந்த ஊரில் வறட்சி இல்லை" என்று கணீரென்று வாசித்தேன். ஞானப்பூ அக்கா எழுந்தார்.

"எங்க கிணத்துத் தண்ணிய வாயில வச்சிருக்கீராவே? தண்ணி இருந்த காலத்துலயே உப்பாக் கரிக்கும். நீரு குடிச்சது அசனத்துக்குச் சமைக்க ஸ்ரீவைகுண்டத்துல இருந்து லாரில கொண்டாந்து கிணத்துல ஊத்துன ஆத்துத் தண்ணிவே! எங்க பிள்ளைய குடத்தத் தூக்கிட்டு ரெண்டு மைல் நடக்குதுவ. குளம் இந்த வருசமும் போச்சுன்னா நாங்க எங்கன போவோம்?"

அரங்கமே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. கடலில் குதித்துவிடலாமா என்றிருந்தது எனக்கு. (பக்கத்தில்தான் இருந்தது.)

மறுபடி அளந்து வர, மேலதிகாரி என்னை அக்கா ஊர் திரும்பிய பஸ்ஸிலேயே அனுப்பினார். கிணற்றில் டேப்பை விட்டேன். போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் டேப் நுனியில் கட்டிய குண்டு, பாறையில் 'டங்' என்று மோதியது. மேகமும் இல்லை, பூவும் இல்லை. அங்கேயே நின்று படிவத்தைத் திருத்தினேன். ஊர் பட்டியலில் ஏறியது.

இன்றைக்கும் கடையில் ஒரு மாம்பழத்தை நான் புகழ்ந்தால் போதும், என் மனைவி, "லாரில வந்ததான்னு கேட்டியளா?" என்பாள். என் மகளும் இப்போது அதையே கற்றுக்கொண்டுவிட்டாள்.

வருடா வருடம் அசனத்துக்கு என்னை அழைக்கிறார்கள். போன முறை, பந்திக்கு முன்னால் அக்கா என்னைக் குளத்தங்கரைக்குக் கூட்டிப்போனார். கரை முட்டத் தண்ணீர். அதில் மேகங்கள். நான் வழக்கம்போல வாயைப் பிளந்து நின்றேன்.

அக்கா என் தோளில் தட்டினார். "இது மழைத் தண்ணிதான் தம்பி. இப்ப எழுதிக்கிடும்."