ஆறாம் நம்பர் விளக்கு

மேடையில் சிரிப்புக் காட்சி நடந்துகொண்டிருந்தது. ஜனங்கள் அழுதுகொண்டிருந்தார்கள்.

வடிவேலு கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தான். திரை என்றால் ஒரு பழைய சின்ன டி.வி.தான். எட்டு விளக்குக்கும் எந்தக் காட்சியில் எவ்வளவு வெளிச்சம் என்று அவனே எழுதிய புரோகிராம் அதில் ஓடியது. பட்டனைத் தட்டினால் காட்சிக்கேற்ப வெளிச்சம் மாறும். எண்பத்தொன்பதாம் வருஷத்தில் இது சாதாரண விஷயமில்லை. புதூர்நாட்டு மலைக்கிராமத்தில் கொசுக்கடியோடு செய்யும்போது கொஞ்சம் சாதாரணமாகிவிடுகிறது, அவ்வளவுதான்.

ஏஜெண்ட் துரைக்கண்ணு பிடித்துக் கொடுத்த நாடகம். வழியில் ஜீப் மக்கர் செய்ததில், வந்து இறங்கவே இருட்டிவிட்டது. விளக்குகளைக் கட்டத்தான் நேரமிருந்தது; ஊரில் என்ன விசேஷம் என்றுகூட யாரும் கேட்கவில்லை.

நாடகக் கம்பெனி முதலாளி தீர்த்தகிரி குனிந்தபடி வந்தார்.

"இன்னாடா இது? காமெடிக்கு ஒருத்தனும் சிரிக்கல."

"ஜோக்கு புரியலியோ இன்னாவோ மொதலாளி."

"பத்து வருசமா எல்லா ஊர்லயும் சிரிச்ச ஜோக்குடா. உன் பொட்டி வந்த அப்புறம்தான் அழுவுறாங்க. இன்னிக்கு ஜனம் சிரிக்கலன்னா பொட்டியும் வாணாம், நீயும் வாணாம்."

இந்த வேலையைச் சொல்லித்தான் வடிவேலு செந்தாமரை வீட்டில் பெண் கேட்டிருந்தான். லைட் போடுகிறவன் என்றதும் முகம் சுளித்த அவள் அப்பா, கம்ப்யூட்டரில் போடுகிறவன் என்ற பிறகே தாம்பூலம் மாற்றினார். தை மாதம் கல்யாணம்.

முன்வரிசையில் நாலைந்து மொட்டைத் தலைகள். குடும்பத்தோடு திருப்பதி போய்வந்தவர்கள் போலிருக்கிறது. இவ்வளவு பக்தி இருப்பவர்களுக்குக் கொஞ்சம் சிரிப்பும் இருந்தால் என்ன என்று எரிச்சல் வந்தது. அவர்கள் நடுவே கம்பளி போர்த்திய கிழவர் ஒருவர், இருமிக்கொண்டே, நாடகத்தை விட்டுவிட்டு விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழனி மூஞ்சி இருட்டா கீது. அதான் சிரிப்பு வரல. வெளிச்சத்த ஏத்து," என்றார் தீர்த்தகிரி.

காமெடி நடிகன் பழனி மேடையின் வலது ஓரத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு நாற்காலியில், ஒரு படத்துக்கு மாலை போட்டு வைத்திருந்தார்கள்; யாரோ உள்ளூர்த் தலைவர் போலிருக்கிறது. அந்த மூலைக்கு ஆறாம் நம்பர் விளக்கு. வடிவேலு அதை முப்பது சதவீதத்திலிருந்து அறுபதாக்கினான்.

பழனியோடு படமும் பளிச்சென்று தெரிந்தது. மொட்டைத் தலைகள் குலுங்கின. சிரிக்கிறார்கள் என்றே வடிவேலு நம்பினான். அப்புறம்தான் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இன்னும் ஏத்துடா."

நூறாக்கினான். பழனி வேட்டியைத் தவறவிட்டுப் பிடிப்பதுபோல் நடித்தான். எந்த ஊரிலும் தப்பாத வித்தை அது. ஒரு பெண் எழுந்து மாரில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, கொறைடா, கொறை."

அவசரத்தில் கை தவறியது. ஆறாவதைக் குறைப்பதற்குப் பதில் மற்ற ஏழு விளக்குகளையும் அணைத்துவிட்டான். கும்மிருட்டில் மாலை போட்ட படம் மட்டும் ஜொலித்தது. பழனி பயந்து உள்ளே ஓடிவிட்டான்.

பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி ஆரம்பித்தார்கள். வடிவேலு எல்லாப் பட்டனையும் தட்டிப் பார்த்தான். கம்ப்யூட்டர் அசையவில்லை. புரோகிராமை மறுபடி கேசட்டிலிருந்துதான் ஏற்ற வேண்டும். கேசட் கீச்சென்று கத்த, கூட்டம் அதற்குமேல் கத்தியது. அது ஏறி முடிவதற்குள் தீர்த்தகிரி நாடகத்தையே முடித்துவிட்டார்.

"சிரிப்பு நாடகத்த சாவு வூடு ஆக்கிட்டியேடா. காலைல மொத பஸ்ஸுல போய்ச் சேரு."

வடிவேலு வயரைச் சுருட்டினான். செந்தாமரையின் அப்பாவிடம் என்ன சொல்வது? கடைசியில் அவனும் அழுதான்.

கம்பளிக் கிழவர் கோலை ஊன்றிக்கொண்டு வந்தார். கூடவே மொட்டைத் தலைகளும் வந்தன. அடி விழும் என்று தீர்த்தகிரி இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"பொட்டிய ஓட்டுனது யாரு?" என்றார் கிழவர்.

தீர்த்தகிரி தயங்காமல் வடிவேலுவைக் காட்டினார்.

"இன்னிக்கு என் தம்பிக்குக் கருமாதி," என்றார் கிழவர். "கருமாதிக்குக் கூத்து வெக்கறது எங்க வழக்கம். நானும் எத்தினியோ பாத்துட்டேன். ஜனங்கள இப்பிடி அழ வெச்சவன் எவனும் இல்ல."

அவர் இருமி முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். ஆறாம் நம்பர் விளக்கு இன்னும் தம்பியின் படத்தின்மேல் நூறில் எரிந்துகொண்டிருந்தது. கிழவர் அதை ஆசையோடு பார்த்தார்.

"அடுத்தது நான்தான் தம்பி. போட்டோ எடுத்து வெச்சுட்டேன். வெளக்கு மட்டும் நீயே வந்து போட்டுடு."