இறுகிக்கொண்டே போன அரைஞாண்

பாகூர் சிவப்பிரகாசம் ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான். அது நிறைவேறுமா என்பது மட்டும் அவர் பெண்டாட்டி விருத்தாம்பாள் பார்த்துக்கொள்கிற காரியம்.

இந்தத் தடவை எடுத்த முடிவு, மகள் தனக்கொடியைத் தங்கை காசம்மாள் மகனுக்கே கொடுப்பது. பையனுக்கு ஒரு குறையும் கிடையாது. காலையில் சாராயக்கடை திறக்கும்போது போவான், அதை மூடும்போதுதான் வருவான். கடை அவனுடையது இல்லை, அவ்வளவுதான்.

"அந்தத் தறுதலைக்கா?" என்றாள் விருத்தாம்பாள்.

"என் தங்கச்சி மவன்டி!"

"அதத்தான் நானும் சொல்றேன்."

ஆனி மாதம் தாம்பூலம் மாற்ற நாள் குறித்தார். அதற்குள் தொப்புள் பிதுங்கிக்கொண்டது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பிரெஞ்சுக்கார டாக்டர் பிதுக்கத்தை உள்ளே தள்ளி, தொங்கிய தொப்பையையும் இந்த விலாவிலிருந்து அந்த விலா வரை வெட்டித் தைத்தார். முப்பது வருஷம் நெய் ஊற்றி வளர்த்த தொப்பை. ஒரே வாரத்தில் தையலுக்கு அடியில் நீர் கோத்துக்கொண்டது. கோணி ஊசியை விடப் பெரிய ஊசி போட்டு அரைப்படி நீரை இழுத்தார்கள். சிவப்பிரகாசம் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில் நோயாளி குணமாகி எழுந்து ஓடினான்.

வீட்டுக்கு அனுப்பும்போது கம்பவுண்டர் மரியதாஸ் சொன்னார்: "அரைஞாண் கயித்தப் பாத்துக்கிட்டே இருங்க. இறுகுனா மறுபடி நீர் கோக்குதுன்னு அர்த்தம். அசையாம படுத்துடணும். வண்டி ஏறுனா தையல் பிரிஞ்சுடும். அப்பவும் வத்தலன்னா ஊசிதான்."

அடுத்த வாரமே கயிறு இறுகியது.

"இன்னாங்க, முன்ன ரெண்டு விரல் நொழஞ்சுது. இன்னிக்கு ஒண்ணுதான் நொழயுது."

"நல்லாப் பாருடி!"

"விரல் என்னுது, வவுறு உங்களுது. இதுல பாக்க இன்னா இருக்கு?"

சிவப்பிரகாசம் சோற்றை விட்டுக் கஞ்சிக்கு வந்தார். கயிறு இறுகியது. நீருக்குப் பயந்து தண்ணீரைக் குறைத்தார். இன்னும் இறுகியது. கன்னம் ஒட்டியது, தோள் எலும்பு தெரிந்தது, வயிறு மட்டும் பெருக்கிறது என்று கயிறு சாட்சி சொன்னது. அவர் கண்ணை நம்பவில்லை, கயிற்றை நம்பினார். முதுகில் ஏதோ குத்துகிறது என்று சொன்னபோதெல்லாம் பாயை உதறிப் போட்டாள் அந்தப் புண்ணியவதி.

ஆனி போய் ஆடியும் போனது.

"ஆவணியிலயாவது தாம்பூலம் மாத்திடணும்டி."

"பேஷா. வண்டி கட்டச் சொல்லட்டா? தையல் பிரிஞ்சா தைக்க ஊசி நூல் கையோட எடுத்துக்கறேன்."

அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆவணியில் ஒருநாள் அவள் கழனிக்குப் போன நேரம் பார்த்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டி ஏறினார். ஆஸ்பத்திரியில் மரியதாஸ் வயிற்றைத் தட்டினார், அமுக்கினார், சிரித்தார்.

"நீர் வத்தி வெகு நாளாச்சு ஐயா. கயிறுதான் குட்டையாப் போச்சு. பின்னால தடவிப் பாருங்க."

எட்டு முடிச்சு. வாரத்துக்கு ஒன்று, அவர் தூங்கும்போது போட்டது.

சிவப்பிரகாசம் நேரே அபிஷேகப்பாக்கத்தில் தங்கை வீட்டுக்கு வண்டியை விட்டார். "காசம்மா! நீரும் இல்ல, ஒண்ணும் இல்ல. வர்ற வெள்ளிக்கிழமை தாம்பூலம்!"

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ பொழச்சதே போதும்ண்ணே. அவனுக்கு மடுகரையில பொண்ணு பாத்து முடிச்சுட்டேன்."

"இன்னாது?"

"அண்ணிதான் வந்து அழுதாங்க. வவுத்துல நீர் கோக்குற வம்சமாம், பொண்ணுக்கும் வருமாம். மறைச்சுக் குடுக்க மனசு வரலன்னாங்க. உத்தமிண்ணே!"

"அடியே, அதே வம்சம்தான்டி நீயும்!"

"நான் கட்டிக்குடுத்துப் போனவ. எனக்கு எப்பிடி வரும்?"

வீட்டில் போய்க் கத்த வேண்டியதையெல்லாம் வழிநெடுக மனப்பாடம் செய்தார். வாசலில் விருத்தாம்பாள் நின்றிருந்தாள்.

"வந்துட்டீங்களா? வெள்ளிக்கிழமை வில்லியனூர்க்காரங்க தாம்பூலம் மாத்த வராங்க. பையன் பள்ளிக்கூட வாத்தியாரு. தனக்கொடிக்கும் புடிச்சிருக்கு. நீங்க இன்னா சொல்றீங்க?"

சிவப்பிரகாசம் நெஞ்சை நிமிர்த்தினார். மூச்சை நன்றாக இழுத்தார்.

"எத்தினி இலை அறுக்கணும்?" என்றார்.