பெட்ரோல் மூடியில் காது வைத்த உஸ் அண்ணன்

கோத்தகிரியில் அவரிடம் அதட்டல் வாங்காத ஆள் ஒருவர்கூடக் கிடையாது. நான் விசாரித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். பஸ் ஸ்டாண்டு பூக்காரம்மா, வக்கீல், ஆஸ்பத்திரி பெரிய டாக்டர் என்று எல்லாரையும் ஒரு தடவையாவது வாயில் விரலை வைத்து “உஸ்!” என்று அடக்கியிருக்கிறார். அதனால் அவர் பெயரே உஸ் அண்ணன் ஆகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்பது சந்தேகம்தான்.

பழைய வண்டிகளுக்கு மட்டும் மெக்கானிக். மார்க்கெட்டுக்குக் கீழே தகர ஷெட். புது வண்டி வந்தால் கும்பிடு போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். “அதுக்குத்தான் கம்ப்யூட்டர் வெச்சிருக்காங்களேங்க, நான் எதுக்குங்க?” என்பார். அவர் வைத்தியமெல்லாம் காதால்தான். சித்திரை வெயிலிலும் குரங்குக் குல்லாவைக் கழற்ற மாட்டார். ஆனால் வலது காதுக்கு நேராகக் கத்தரியால் வட்டமாக ஓட்டை வெட்டி வைத்திருப்பார். “இடது காது குளுருக்குங்க, வலது காது தொழிலுக்கு.”

ஒரு வருஷம் மாரியம்மன் ஊர்வலத்தையே நிறுத்தியவர் அவர். சாமியை இழுத்துக்கொண்டு போன ஜீப்புக்கு முன்னால் பாய்ந்து கையை விரித்து, “உஸ்!” என்றார். மேளம் நின்றது. நாதஸ்வரக்காரர் ஊதிய கன்னத்தோடு அப்படியே நின்றார். உஸ் அண்ணன் பானெட்டில் காதை வைத்தார். “பெல்ட்டு அறுந்துரப்போகுதுங்க. சரி, வாசிங்க” என்று சொல்லிவிட்டு ஓரமாக நடந்தார். ஜீப் அடுத்த வளைவைத் தாண்டவில்லை. பெல்ட் அறுந்தது. அண்ணன் மாற்றுப் பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கே தயாராக நின்றிருந்தார். அம்மனுக்கு அடுத்தபடியாக அன்று அவருக்குத்தான் சூடம் காட்டினார்கள்.

நோயைக் கண்டுபிடிப்பதோடு விட்டிருந்தாரானால் ஊரே அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியிருக்கும். நோய் யாரால் வந்தது என்பதையும் சொல்லிவிடுவார். அதுவும் மார்க்கெட் முழுக்கக் கேட்கிற மாதிரி. “வண்டிக்கு ஒண்ணுமில்லீங்க டாக்டரய்யா! நீங்க கிளச்சு மேல கால வெச்சுத் தூங்கறீங்க!” என்று கத்தினார். டாக்டர் அதற்கப்புறம் மூன்று மாதம் காய்கறி வாங்கக்கூட அந்தப் பக்கம் வரவில்லை. ஒளிவுமறைவு என்ற வார்த்தையே தெரியாத மனிதர் என்று ஊரில் பேர். அவரிடம் வண்டி விடுவதற்கு முன்னால் எல்லாரும் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்வோம்.

இப்போது என் காருக்கு வருகிறேன். என் காருக்கு நான் பாடம் எடுக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் போல இரண்டு பங்கு வயது. செகண்ட் ஹேண்டுதான், ஆனால் என் சொந்தச் சம்பளத்தில் வாங்கியது. அதற்கு முன்னால் பனிமூட்டத்தில் பஸ்ஸுக்கு நின்று நின்று பாதி ஆயுள் போயிருந்தது. எங்கே போவதென்றாலும் என் வீட்டுக்காரருக்கு ஃபேக்டரியில் எந்த ஷிப்ட் என்று பார்க்க வேண்டும், அவர் மனநிலையையும் பார்க்க வேண்டும். கார் வந்த பிறகு சாவியை எடுத்தால் போதும், கிளம்பிவிடலாம். அந்தச் சுகம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தக் கார் போன மழைக்காலத்துக்குப் பிறகு மக்கர் பண்ண ஆரம்பித்தது. கிளம்பும்போது ராஜா மாதிரி கிளம்பும். மேடு ஏறி ஏழெட்டு கிலோமீட்டர் போனதும் இருமும், இழுக்கும், நின்றுவிடும். பத்து நிமிஷம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். கோயமுத்தூர் கொண்டுபோனோம். ஃபில்டரை மாற்றினார்கள், பெட்ரோல் பம்பை மாற்றினார்கள், பிளக்கை மாற்றினார்கள். கடைசியில், “உங்க மலையில காத்து கம்மிங்க மேடம், வண்டிக்கு ஒத்துக்கல” என்றார்கள். இருபது வருஷமாக இதே மலையில் ஓடும் வண்டிக்குத் திடீரென்று மலை ஒத்துக்கொள்ளவில்லையாம்!

என் வீட்டுக்காரர் பொறுமை இழந்து மேட்டுப்பாளையத்தில் பழைய வண்டி வாங்கும் ஒரு ஆளைப் பிடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொண்டுபோய் ஒப்படைப்பதாகப் பேச்சு. நான் அழவில்லை. இரண்டு நாள் ரசத்தில் உப்புப் போடவில்லை, அவ்வளவுதான். மூன்றாம் நாள் அவரே இறங்கி வந்தார்.

“சரி, ஒரே ஒரு சான்ஸ். ஞாயித்துக்கெழம மேட்டுப்பாளையம் போயி, அந்தாளப் பாக்கறதுக்கு முன்னாடி வண்டியத் திருப்பி மேல ஏத்து. கோத்தகிரி வரைக்கும் தானா நிக்காம வந்துச்சுன்னா வண்டி உன்னோடது. வழியில நின்னுச்சுன்னா, அப்படியே திருப்பி நியூட்ரல்ல உருட்டிக்கிட்டுப் போயி அவன்கிட்டக் குடுத்துருவேன்.”

உஸ் அண்ணனிடம் ஓடினேன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. “எங்க நிக்குதோ அங்கதாங்க டீச்சர் பாக்கோணும். நானும் வாறேன்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஓட்ட, பக்கத்தில் வீட்டுக்காரர், பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உஸ் அண்ணன். இறக்கத்தில் வண்டி குழந்தை மாதிரி சமர்த்தாக இறங்கியது. மேட்டுப்பாளையத்தில் டீ குடித்துவிட்டுத் திருப்பினோம். மலை ஏற ஆரம்பித்ததும் வீட்டுக்காரர், “இத பாருங்கண்ணா, இப்ப நல்லாத்தான்…” என்று வாயைத் திறந்தார்.

“உஸ்!”

ஃபேக்டரியில் முப்பது பேருக்கு வேலை சொல்லும் சூப்பர்வைசர் அவர். கப்பென்று வாயை மூடிக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்குக் கைவராத வித்தை அது.

பாதி மலையில் இருக்கும் குஞ்சப்பனை என்ற ஊரை நெருங்கினோம், வழக்கமாக வண்டி நின்றுவிடும் தூரம். வண்டி இன்னும் இருமவில்லை. ஆனால் பின்னாலிருந்து அண்ணன் திடீரென்று, “நிறுத்துங்க டீச்சர், நிறுத்துங்க!” என்று கத்தினார். ஓரங்கட்டி நிறுத்தினேன்.

வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நிக்கப்போகுதுன்னு தெரிஞ்சுதான நிறுத்தச் சொன்னீங்க?”

“இல்லீங்க. ஒண்ணுக்குப் போகோணும்.”

போனவர் புதர்ப் பக்கம் போகவில்லை. வண்டியின் பின்பக்கம் போய், குனிந்து, பெட்ரோல் டேங்க் மூடியில் காதை வைத்தார். நானும் இறங்கிப் போனேன். மூடியை மெதுவாகத் திருகினார். புஸ்ஸ்ஸென்று வெளிக்காற்று உள்ளே பாய்ந்தது. கோழி பிடித்துத் தின்ற பூனை மாதிரி அவர் முகம் மலர்ந்தது.

“டேங்கு மூச்சு முட்டிக் கெடந்துருக்குதுங்க டீச்சர். எண்ண டின்னுல ஒரே ஒரு ஓட்ட போட்டா எண்ண எறங்குமுங்களா? காத்து உள்ள போக இன்னொரு ஓட்ட வேணுமல்லங்க. பெட்ரோல் போகப் போக உள்ள காத்து வரோணும். வரலீன்னா பம்பு எத்தன இழுத்தாலும் பெட்ரோல் வராது.” மூடியைப் புரட்டினார். “இதுல பொடி ஓட்ட ஒண்ணு இருக்கோணும். யாரோ அடைச்சு…” அப்படியே நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

அந்த யாரோ நான்தான்.

எங்கள் மலையில் ஐப்பசி பிறந்தால் எல்லாவற்றையும் இறுக்கி மூடுவோம். உப்பு ஜாடிக்கு மூன்று மூடி. தீப்பெட்டிக்குப் பிளாஸ்டிக் உறை. போன மழையில் என் டேங்கில் தண்ணீர் இறங்கிவிட்டதென்று புது மூடி வாங்கினேன். அதன் அடியில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை இருந்தது. செய்தவர்கள் கவனிக்காமல் விட்ட குறை என்று நினைத்து, குழாய்க்குப் போடும் பசையை வைத்து அழகாக அடைத்தேன். போதாதென்று சைக்கிள் டியூபை வெட்டி வாஷரும் போட்டேன். இதைச் செய்த நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் ஆசிரியை. காற்றழுத்தப் பாடம் நடத்தி, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி அட்டையால் மூடிக் கவிழ்த்துக் காட்டிக் கைதட்டல் வாங்கியவள்.

வீட்டுக்காரர் இறங்கி வந்துகொண்டிருந்தார். இனி அண்ணன் வாயைத் திறப்பார், குஞ்சப்பனை முழுக்கக் கேட்கும், நாளைக்கு மார்க்கெட் முழுக்கக் கேட்கும், என் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். வண்டியும் போகும், மானமும் போகும் என்று நின்றேன்.

“என்னண்ணா அது?” என்றார் வீட்டுக்காரர்.

அண்ணன் குல்லாவில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து, சாம்பல் நிறப் பசையை நிதானமாகக் குத்திக் குத்தி எடுத்தார்.

“கொளவிங்க. மண்ணுக் கொளவி. இத்துனூண்டு ஓட்டையில கூடு கட்டி வெச்சிருக்குது பாருங்க.”

“கொளவியா! அதுக்கா கோயமுத்தூர்ல இத்தன சாமான் மாத்துனாங்க?”

“அவுங்க கம்ப்யூட்டருக்குக் கொளவியத் தெரியாதுங்க.”

மூடியைப் போட்டுக் கிளம்பினோம். வண்டி அரவேணு தாண்டி, கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு தாண்டி, எங்கள் வாசல் வரைக்கும் ஒரே மூச்சில் ஏறியது. வீட்டுக்காரர் பேசிய பேச்சைக் காப்பாற்றினார். “வண்டி தானா நிக்கல, இவர் நிறுத்தச் சொன்னாரு, ஒத்துக்கறேன்” என்று சொல்லி, என் முன்னாலேயே மேட்டுப்பாளையத்து ஆளுக்குப் போன் போட்டு வேண்டாமென்றார்.

மறுநாள் பள்ளி விட்டதும் தகர ஷெட்டுக்குப் போனேன். “ஏனுங்ணா, டாக்டரக்கூட விடலீங்களே, என்னைய மட்டும் எதுக்குக் காப்பாத்துனீங்க?”

அண்ணன் கையிலிருந்த கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “வண்டி நின்னா எல்லாரும் எறங்கி வந்து டயர ஒதைப்பாங்க டீச்சர். நீங்க நின்னு போன வண்டியத் தட்டிக் குடுக்கறத நான் ரெண்டு மூணு தரம் பாத்துருக்கறனுங்க.” சொல்லிவிட்டு, பேச்சு போதுமென்று என்னையும் “உஸ்” என்றார்.

இதை எழுதுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் இந்தப் பத்திரிகையை விடாமல் வாசிப்பவர். இன்றுவரை யார் வண்டி மக்கர் பண்ணினாலும், “கொளவி இருக்கும் பாருங்க” என்று வைத்தியம் சொல்லிக்கொண்டிருக்கிறார். வாசிக்கட்டும். ஆயுசு முழுக்கக் கேலி செய்யட்டும். பொய்யே தெரியாத ஒரு மனிதர் எனக்காக ஒரே காலையில் இரண்டு பொய் சொன்னார் என்பதை எத்தனை நாள்தான் யாரிடமும் பெருமையடித்துக்கொள்ளாமல் இருப்பது?